வட இங்கிலாந்தில் ஒரே ஒரு நாள்: யார்க், டர்ஹம், வின்டர்மியர், விட்பி, ரோமானியச் சுவர். எங்கே போகலாம்?

லீட்ஸிலோ மான்செஸ்டரிலோ இருக்கிறீர்கள், சனிக்கிழமை ஒன்று காலியாகக் கிடைத்திருக்கிறது, கார் கிடையாது. எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் இரண்டே பதில்தான் வரும்: யார்க் போங்கள், இல்லாவிட்டால் வின்டர்மியர் போங்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் டர்ஹம், விட்பி, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர் என்று இன்னும் மூன்று இடங்கள் ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன, அதில் ஒன்று என் கணக்கில் மற்ற நான்கையும்விட மேல். அதைச் சொல்வதற்கு முன்னால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒருவருக்குப் பிரமாதமாக அமைகிற ஊர் இன்னொருவருக்கு அலைச்சலாக முடிந்துவிடும்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஜூன் கடைசியில் இங்கே இரவு ஒன்பதரை வரை நல்ல வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். காலை ஒன்பதுக்குக் கிளம்பி மூன்று மணி நேரம் பயணம் செய்தால் ஜூனில் அதற்கப்புறமும் ஒரு முழு நாள் கையில் இருக்கும், டிசம்பரில் மதியச் சாப்பாட்டை முடித்து எழுந்திருப்பதற்குள் தெருவிளக்கு எரிந்துவிடும். அடுத்தது, திரும்பி வர கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பது. யார்க்கிலிருந்து லீட்ஸுக்கு இரவு வரை ரயில் வந்துகொண்டே இருக்கும். சுவர்ப் பக்கத்திலோ கடைசி பஸ்ஸை விட்டால் நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான். மூன்றாவது, கூட யார் வருகிறார்கள் என்பது. ஆறு மாதம் தங்கிப் போக ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோடு போவதும், தள்ளுவண்டியில் குழந்தையோடு போவதும், தனியாகப் பையை மாட்டிக்கொண்டு போவதும் ஒரே பயணம் இல்லை.

அப்புறம் மழை. இந்த நாட்டில் மழைக்குப் பயந்தால் வீட்டை விட்டே கிளம்ப முடியாது என்பது சரிதான், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு பெய்வதில்லை. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கே, வின்டர்மியர் இருக்கிற ஏரி மாவட்ட மலைகளில் மோதி அங்கேயே கொட்டித் தீர்த்துவிட்டு, பென்னைன் மலைகளைத் தாண்டிக் கிழக்கே வரும்போது மெலிந்துவிடுகிறது; மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் நனைந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் தேனியில் வெயில் அடிக்கிற அதே கணக்கு. ஏரி மாவட்டத்தில் சீத்வெயிட் என்ற சிற்றூரில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, யார்க்கில் 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதனால் முந்தின நாள் இரவு வானிலை அறிக்கையில் மேற்குப் பக்கம் நாள் முழுக்க மழை என்று போட்டிருந்தால் தயங்காமல் கிழக்கே திரும்பிவிடுங்கள்.

யார்க்கின் பெரிய பலமே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான். லீட்ஸிலிருந்து ரயிலில் 25 நிமிடம், மான்செஸ்டரிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே எதிரில் கோட்டைச் சுவர். மேலே ஏறி ஆற்றுப் பக்கமாக நடந்தால் மின்ஸ்டர் பேராலயம் முழுசாகக் கண்முன் நிற்கும், மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ போனால் சுவருக்குக் கீழே புல்சரிவு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூத்திருக்கும். சுவரின் மொத்த நீளம் 3.4 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. ஊர் முழுவதும் சமதளம், அதனால் வயதானவர்களும் சுவரில் ஏறாமல் தெரு வழியாகவே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கி.பி. 71-ல் ரோமானியர்கள் படைமுகாம் போட்ட இடம் இது. 306-ல் கான்ஸ்டன்டைன் பேரரசராக அறிவிக்கப்பட்டது இங்கேதான், மின்ஸ்டருக்கு வெளியே வெண்கலத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். 866-ல் வைக்கிங்குகள் பிடித்தார்கள். அவர்கள் வாழ்ந்த தெருவைத் தோண்டி எடுத்த இடத்திலேயே யோர்விக் வைக்கிங் மையம் இருக்கிறது. குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் முன்பதிவு செய்யாமல் விடுமுறை நாளில் போனால் வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும்.

மின்ஸ்டருக்குள் போகக் கட்டணம் உண்டு, கொஞ்சம் அதிகம்தான். கொடுக்கலாமா என்று கேட்டால், கிழக்குப் பக்கத்துப் பெரிய சாளரத்துக்காக மட்டுமே கொடுக்கலாம் என்பேன். கவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞர் 1405-ல் ஆரம்பித்து 1408-ல் முடித்தது, சொன்ன நேரத்தில் முடித்ததற்குச் சேர்த்துக் கொடுத்த பணத்தோடு கூலி மொத்தம் 56 பவுண்டு. 311 கண்ணாடிப் பலகைகள், உலகம் படைக்கப்பட்டதில் தொடங்கி உலக முடிவு வரைக்கும் பைபிள் கதை. எல்லாப் பலகைகளையும் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி பொருத்தும் வேலை பத்து வருடம் நடந்து 2018-ல் முடிந்தது. கீழே நின்று பார்க்கையில் நிறம்தான் தெரியும், ஆள் தெரியாது, அதனால் ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துப் போங்கள், ஒவ்வொரு பலகையிலும் முகத்தின் பாவனையும் தாடி மயிரும்கூடத் தனித்தனியாக வரைந்திருப்பது அப்போதுதான் தெரியும். கோபுரத்தில் ஏற 275 படி. கட்டணம் கட்ட மனமில்லாதவர்கள் மாலை வழிபாட்டுக்குப் போகலாம், பாடகர் குழு பாடும், அதற்குக் காசு வாங்குவதில்லை, மதம் பார்ப்பதும் இல்லை. ஆனால் வழிபாட்டின்போது எழுந்து சுற்றிப் பார்க்க முடியாது.

காசே செலவழிக்காமல் யார்க்கில் அரை நாளை நிறைவாகக் கழிக்க வேண்டுமானால் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1938 ஜூலை 3-ம் தேதி மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடி நீராவி எஞ்சின்களில் உலகச் சாதனை படைத்த மல்லார்ட் இங்கே இருக்கிறது. நீல நிறம், முன்பக்கம் காற்றைக் கிழிக்கிற மாதிரி சரிந்த மூக்கு. ஜப்பானின் முதல் தலைமுறை புல்லட் ரயிலின் பெட்டி ஒன்றும் நிற்கிறது, ஏறி உட்கார்ந்து பார்க்கலாம். ரயில் பைத்தியம் பிடித்த ஏழு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் மேலே படிக்கவே வேண்டாம், யார்க்தான் உங்கள் ஊர்.

யார்க்கில் எனக்குப் பிடிக்காதது கூட்டம். ஷாம்பிள்ஸ் என்கிற அந்தக் காலத்துக் கசாப்புக் கடைத் தெருவின் இரண்டு பக்கத்து மாடிகளும் மேலே ஒன்றையொன்று தொடுகிற மாதிரி சாய்ந்து நிற்கும், கடை முகப்பில் இறைச்சி மாட்டிய கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. பார்க்க வேண்டிய தெருதான். ஆனால் சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் அதில் நடக்கவே முடியாது. எட்டரை, ஒன்பதுக்குள் அங்கே நின்றுவிடுங்கள், அப்புறம் மின்ஸ்டர், மதியம் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொண்டால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நாள் போகும். கிளிஃபோர்ட் கோபுரத்துக்குப் போனால் மேலிருந்து ஊரைப் பார்ப்பதோடு நிற்காமல் 1190-ல் அங்கே நடந்ததையும் படித்துவிட்டு வாருங்கள். கும்பலுக்குப் பயந்து அந்த இடத்தில் அடைக்கலம் புகுந்த யூதர்கள் 150 பேர் அளவில் உயிரை விட்டார்கள், பலர் தங்கள் கையாலேயே. அழகான ஊர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாத ஊர் அது.

இப்போது டர்ஹம். லீட்ஸிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி, யார்க்கிலிருந்து முக்கால் மணி, நியூகாசிலிலிருந்து கால் மணி. மான்செஸ்டர்க்காரர்கள் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும், ஆனாலும் போகலாம். என் கணக்கில் மற்ற நான்கையும்விட மேல் என்று சொன்னேனே, அது இந்த ஊர்தான். ரயில் ஊருக்குள் நுழையும்போதே உயரமான பாலத்தின் மேல் வரும், ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே வீட்டுக்கூரைகள், அதற்கு அந்தப் பக்கம் குன்றின் மேல் பேராலயமும் கோட்டையும். வியர் ஆறு அந்தக் குன்றை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. எதிரி வந்தால் ஒரு பக்கம் மட்டும் காவல் காத்தால் போதும் என்று பார்த்துத்தான் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து 1986 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்.

பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை, விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். உள்ளே காலடி வைத்ததும் முதலில் தெரிவது தூண்கள். ஒரு தூணைச் சுற்றி அளந்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் உயரமும், ஏறக்குறைய 6.6 மீட்டர். ஒன்றில் நெளிநெளியாக, அடுத்ததில் வைர வடிவக் கட்டங்களாக, இன்னொன்றில் திருகாணி மாதிரிச் சுற்றிக்கொண்டு போகிற கோடுகளாக உளி வேலை. கிட்டப் போய் விரலை வைத்துப் பார்த்தால் விரல் முழுக்க உள்ளே போகிற ஆழம். கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தை விட்டு நகர மனம் வராது. தலையைத் தூக்கினால் கல் விலாக்கள் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து கூரையைத் தாங்குகின்றன. 1093-ல் அடிக்கல் நாட்டி, நாற்பது வருடத்தில், 1133-ல் பெரும்பகுதியை முடித்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய அளவில் கல் விலாக் கூரை போட்டது ஐரோப்பாவிலேயே முதன்முதலில் இங்கேதான் என்று சொல்கிறார்கள். பின்னால் பிரான்சிலும் மற்ற இடங்களிலும் வானளாவ எழுந்த கூர்வளைவுப் பேராலயங்களுக்கெல்லாம் இந்த உத்திதான் அடிப்படை. எடை முழுவதும் விலா வழியாகத் தூணுக்கு இறங்கிவிட்டால் இடையில் இருக்கிற கூரையை மெல்லிசாகப் போடலாம், மெல்லிசாகப் போட்டால் இன்னும் உயரமாகக் கட்டலாம். அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தவர்களின் கைவேலைக்குக் கீழே நிற்கிறோம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பைத் தருகிறது.

இந்தப் பேராலயம் இங்கே எழுந்ததற்குக் காரணம் ஒரு துறவியின் உடல். 687-ல் இறந்த கத்பர்ட்டை லிண்டிஸ்ஃபார்ன் தீவில் அடக்கம் செய்தார்கள், வைக்கிங்குகளின் தொல்லை தாங்காமல் 875-ல் மடத்துத் துறவிகள் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, ஊர் ஊராக அலைந்து, அவர்களின் வழிவந்தவர்கள் 995-ல் டர்ஹமுக்கு வந்து சேர்ந்தார்கள். பலிபீடத்துக்குப் பின்னால் அவர் பெயர் மட்டும் பொறித்த வெறும் கல் இருக்கிறது. மேற்குக் கோடியில் பீட் என்ற அறிஞரின் கல்லறை. ஆங்கிலேயர் வரலாற்றை முதலில் முறையாக எழுதியவர், 735-ல் இறந்தவர். வடக்கு வாசல் கதவில் பயமுறுத்தும் முகத்தோடு ஒரு வெண்கல வளையம் தொங்கும் (இப்போது இருப்பது நகல், அசல் உள்ளே அருங்காட்சியகத்தில்). கொலையே செய்திருந்தாலும் ஓடிவந்து அதைத் தட்டியவருக்கு 37 நாள் அடைக்கலம் உண்டு, அதற்குள் சரணடைய வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டே போய்விட வேண்டும். அதே பேராலயத்தில்தான் 1650-ல் டன்பார் சண்டையில் பிடிபட்ட ஸ்காட்லாந்துப் படைவீரர்களை ஆயிரக்கணக்கில் அடைத்துப் போட்டு, பசியிலும் நோயிலும் கூட்டம் கூட்டமாகச் சாக விட்டார்கள். 2013-ல் பக்கத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது அவர்களின் எலும்புகள் கிடைத்தன. அடைக்கலம் கொடுத்த கதவும் சாகவிட்ட கூடமும் ஒரே கட்டடம், நாலு அடி நடந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்று.

அப்புறம் கோபுரம், 325 படி, தனிக் கட்டணம். மூச்சு வாங்கினாலும் மேலே போனால் ஆறு குன்றைச் சுற்றுவது தெளிவாகத் தெரியும். கோட்டையைக் குழுவாக அழைத்துப்போகும் நேரங்களில் மட்டும்தான் பார்க்க முடியும், ஏனென்றால் அது டர்ஹம் பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரி, மாணவர்கள் அதில் குடியிருக்கிறார்கள். கீழே இறங்கி ஆற்றங்கரையில் பிரெபென்ட்ஸ் பாலம் வரை நடந்துவிட்டு, கோடையானால் எல்வெட் பாலத்தடியில் துடுப்புப் படகு வாடகைக்கு எடுத்துவிட்டு, மாலை பாடலுக்கு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தால் நாள் நிறைந்துவிடும். குறை என்ன? ஊர் மேடும் பள்ளமும், ஸ்டேஷனே ஒரு மேட்டில் இருக்கிறது, இறங்கி மறுபடி ஏற வேண்டும், கருங்கல் பாவிய தெரு வேறு. முட்டி வலி உள்ளவர்களுக்கு டாக்ஸி வைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பிள்ளைகளோடு இந்தப் பக்கம் வருவதானால் டர்ஹமை விட்டுவிட்டு, அதற்கு வடக்கே இருக்கும் பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாளை முழுசாக ஒதுக்குங்கள். 1900-களின் தெரு, நிலக்கரிச் சுரங்கக் கிராமம், ஓடுகிற டிராம், சுரங்கத்துக்குள் குனிந்து போய்ப் பார்க்கிற அனுபவம் எல்லாம் அங்கே உண்டு. ஒரே நாளில் டர்ஹமும் பீமிஷும் என்று மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள், இரண்டும் அரைகுறையாகிவிடும்.

வின்டர்மியருக்கு வருவோம். நம் ஆட்கள் குடும்பமாக அதிகம் போவது இங்கேதான், அதிகம் ஏமாந்து திரும்புவதும் இங்கேதான் என்று நினைக்கிறேன். காரணம் எளிது. ஸ்டேஷன் ஏரிக்கரையில் இல்லை, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இறக்கத்தில் போனால்தான் போவ்னஸ் படகுத்துறை. அங்கே போய், ஐஸ்கிரீம் வாங்கி, வரிசையில் நின்று, படகில் ஒரு சுற்று வந்து, அன்னங்களோடு படம் எடுத்துத் திரும்பினால் ஏரியைப் பார்த்த மாதிரி இருக்கும், மலையைப் பார்த்த மாதிரி இருக்காது. அதற்குப் பதிலாக ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஆரம்பிக்கிற பாதையில் ஓரெஸ்ட் ஹெட் மேட்டுக்கு ஏறுங்கள். அரை மணி நேர ஏற்றம், 240 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம், அவ்வளவுதான், ஆனால் மேலே போனதும் 17 கிலோமீட்டர் நீள ஏரி கால்மாட்டில் கிடக்கும், எதிரே இங்கிலாந்தின் உயரமான மலைகள் வரிசையாக நிற்கும். இந்த மலைகளின் வழிகளையெல்லாம் வரைந்து எழுதிய வெயின்ரைட் 1930-ல் முதன்முதலாக வந்து ஏறியதும் இந்த மேட்டில்தான். அந்தக் காட்சியில் மயங்கித்தான் வாழ்நாள் முழுக்க இங்கேயே அலைந்தார். அதற்கப்புறம் பஸ் பிடித்து கிராஸ்மியர் போய், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை குடியிருந்த டவ் காட்டேஜைப் பார்த்துவிட்டு, 1854-லிருந்து விற்கிற இஞ்சி ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினால் சரியான நாள்.

மேகம் கீழே இறங்கிவிட்டால் ஓரெஸ்ட் ஹெட்டிலிருந்து வெள்ளைத்தாளைத்தான் பார்க்க வேண்டும், அப்படிப்பட்ட நாளுக்கு இந்த இடத்தில் மாற்று ஏற்பாடு மிகக் குறைவு. ஆகஸ்ட் சனி, ஞாயிறுகளில் பஸ்ஸும் காரும் ஒரே ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும். மே மாதமோ செப்டம்பரோ, வார நாளில், தெளிவான வானம் என்று மூன்றும் சேர்ந்தால் போங்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு மட்டும் படகுச் சவாரி நல்ல வழி, உட்கார்ந்தபடியே மலை பார்த்துவிடலாம்.

விட்பி கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது, இந்த ஐந்தில் போய்ச் சேரவே சிரமமான ஊர். மிடில்ஸ்பரோவிலிருந்து ரயில் ஒன்றரை மணி நேரம், நாளைக்குச் சில வண்டிகள்தான். லீட்ஸிலிருந்து யார்க் வழியாக 840 பஸ் இருக்கிறது, கடைசிப் பகுதியில் ஹெதர் செடி படர்ந்த மேட்டுநிலத்தில் ஓடும், ஆகஸ்ட் மாதம் கண்ணுக்கெட்டிய தூரம் ஊதா நிறம். பார்க்க அருமை, ஆனால் லீட்ஸிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல். அதனால் லீட்ஸ், மான்செஸ்டரிலிருந்து ஒரு நாள் பயணமாக விட்பியை நான் பரிந்துரைக்க மாட்டேன். யார்க்கில் தங்கியிருந்தால், அதுவும் மே முதல் ஆகஸ்ட் வரை, போகலாம். ஓர் இரவு தங்க முடிந்தால் கட்டாயம் போகலாம்.

போனால் என்ன இருக்கிறது? 199 படி ஏறினால் பாறை முனையில் கூரையில்லாத மடாலயம். 657-ல் ஹில்டா என்ற பெண் துறவி தலைமையில் தொடங்கியது, 664-ல் ஈஸ்டர் பண்டிகையை எந்த முறைப்படி கணக்கிடுவது என்ற வழக்கை அரசர் முன்னிலையில் இங்கேதான் தீர்த்தார்கள். இப்போது நிற்கிற சுவர்கள் பிற்காலத்தவை, 1914 டிசம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் சுட்டதில் கொஞ்சம் சிதைந்தவை. கேப்டன் குக் கடல் வேலை பழகியதும் இங்கே, அவருடைய எண்டெவர் கப்பலைக் கட்டியதும் இங்கே. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது கடற்கரைப் பாறைகளில் கிடைக்கும் அம்மோனைட், அதாவது அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரியின் புதைபடிவம். ஹில்டா பாம்புகளையெல்லாம் கல்லாக்கிவிட்டார், சுருண்டு கிடப்பவை அவைதான் என்று ஊர்க்கதை. அந்தக் காலத்தில் வியாபாரிகள் பாம்புத் தலையைச் செதுக்கியே விற்றிருக்கிறார்கள். நம் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமமும் இதே அம்மோனைட் படிந்த கல்தான், கண்டகி ஆற்றில் கிடைப்பது. பாட்டி விஷ்ணு சக்கரம் என்று காட்டிய அதே சுருள் இங்கே ஈர மணலில் காலடியில் கிடக்கும். தேடப் போவதானால் முதலில் அலை ஏற்ற நேரத்தைப் பாருங்கள். தண்ணீர் ஏறும்போது பாறைக்கும் கடலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் ஏற வழி இருக்காது, விளையாட்டுக் காரியம் இல்லை.

ரோமானியச் சுவர்தான் கடைசி. கி.பி. 122-ல் ஹேட்ரியன் ஆணையிட்டுக் கட்டத் தொடங்கியது, கடலுக்குக் கடல் 117 கிலோமீட்டர். லீட்ஸிலிருந்து நியூகாசில், அங்கிருந்து கார்லைல் போகும் ரயிலில் ஹெக்ஸம், பிறகு ஏடி122 என்ற பஸ்; இந்த பஸ் குளிர்காலத்தில் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், கார் இல்லாதவர்களுக்கு இது வசந்தம் முதல் இலையுதிர் காலத் தொடக்கம் வரை போக ஏற்ற இடம். போட்டியான இரண்டு தலங்கள் ஹவுஸ்டெட்ஸும் விண்டோலாண்டாவும். சுவரும் மேடும் சேர்ந்த காட்சி வேண்டுமானால் ஹவுஸ்டெட்ஸ். மனிதர்களைப் பார்க்க வேண்டுமானால் விண்டோலாண்டா, நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். சுவர் எழுவதற்கு முன்பே இருந்த முகாம் அது. காற்றுப் புகாத ஈர மண்ணில் புதைந்ததால் ஆயிரக்கணக்கில் தோல் செருப்புகள் மக்காமல் கிடைத்திருக்கின்றன, குழந்தையின் செருப்பு உட்பட. 1973 முதல் மெல்லிய மரச் சீவல்களில் மையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் கிடைத்து வருகின்றன. செப்டம்பர் 11-ம் தேதி என் பிறந்தநாளுக்குக் கட்டாயம் வா என்று கிளாடியா செவேரா தன் தோழி லெபிடினாவுக்கு எழுதிய அழைப்பு அதில் ஒன்று. இன்னொன்று முகாமின் கணக்கு. அதில் கம்பாக்ஸ் என்ற படைவீரர் பெயருக்கு நேரே மிளகு, 2 டினாரி (ரோமானிய வெள்ளிக்காசு) என்று எழுதியிருக்கிறது. ரோமானியருக்கு மிளகு போனது சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து, யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு போனதைச் சங்கப் பாட்டே சொல்கிறது. அந்த மிளகு உலகத்தின் இந்தக் குளிர்ந்த கோடி வரைக்கும் வந்து ஒரு சாதாரணப் படைவீரனின் பற்றுக் கணக்கில் ஏறியிருக்கிறது என்பதற்காகவே ஒரு முறை போய்வரலாம். எழுதிய சீவல்களில் பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன, சில இங்கேயே காட்சிக்கு உண்டு. படங்களில் பார்த்த அந்த ஒற்றைச் சைக்கமோர் மரத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 2023 செப்டம்பர் இரவு ஒன்றில் அதை அறுத்துத் தள்ளிவிட்டார்கள். அடிமரம்தான் இருக்கிறது, அது துளிர்த்திருக்கிறது.

இவ்வளவு தூரம் போக நேரமில்லை, அரை நாள்தான் என்றால் லீட்ஸிலிருந்து கால் மணி ரயிலில் சால்டெயர் போங்கள். டைட்டஸ் சால்ட் என்ற ஆலை முதலாளி 1850-களில் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய முழு ஊர், அந்தப் பிரம்மாண்டமான ஆலைக்குள் டேவிட் ஹாக்னியின் ஓவியங்கள், கட்டணம் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். யார்க்ஷயரில் மீனும் சிப்ஸும் விற்கும் பழைய கடைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், அதுதான் ருசி என்று பெருமையாகவே எழுதி வைத்திருப்பார்கள். உருளைக்கிழங்குதானே என்று சைவம் சாப்பிடுகிறவர்களோ மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களோ வாங்கிவிட வேண்டாம், எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், தயங்காமல் சொல்வார்கள். மாவு கரைத்துச் சுடுகிற யார்க்ஷயர் புட்டிங்குக்கும் இதே எச்சரிக்கை. பெரியவர்களோடு போகிறவர்கள் எலுமிச்சை சாதமும் புளிசாதமும் கட்டிக்கொண்டு போங்கள், டர்ஹம் ஆற்றங்கரையிலும் யார்க் அருங்காட்சியகத் தோட்டத்திலும் உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம் உண்டு.

டிக்கெட்டைப் பொறுத்தவரை டர்ஹமுக்கு முன்கூட்டியே எடுத்தால் பாதிக்குப் பாதி குறையும் நாட்கள் உண்டு, யார்க்குக்கு அவ்வளவு வித்தியாசம் வராது. குழந்தைகள் இருந்தால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு வாங்கிவிடுங்கள், பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு 60 சதவீதமும் தள்ளுபடி, ஒரு முறை நால்வர் டர்ஹம் போய்வந்தாலே கார்டுக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதிலாக பஸ் விடுவது அன்றுதான் அதிகம், பேராலயங்களிலும் காலையில் வழிபாடு நடப்பதால் சுற்றிப் பார்க்க மதியம் வரை காத்திருக்க வேண்டும்.

டர்ஹம் என்று முடிவு செய்தால் ஜூலை இரண்டாவது சனிக்கிழமையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று சுரங்கத் தொழிலாளர்களின் பெருவிழா, 1871-ல் தொடங்கியது. சுரங்கங்களெல்லாம் மூடியாகிவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு சுரங்க ஊரும் தன் பட்டுப் பதாகையைத் தூக்கிக்கொண்டு பித்தளை வாத்தியக் குழுவோடு ஊர்வலமாக வரும், சில பதாகைகள் பேராலயத்துக்குள்ளேயே போகும். அமைதியாகத் தூண் பார்க்க வேண்டுமானால் அந்த நாள் வேண்டாம். ஊர்வலம் பார்க்க வேண்டுமானால் அந்த ஒரு நாள்தான், காலை எட்டு மணிக்கெல்லாம் எல்வெட் பாலத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிடுங்கள். லீட்ஸ், மான்செஸ்டரிலிருந்து காலையில் கிளம்பி அந்த நேரத்துக்குப் போய்ச் சேருவது கஷ்டம், முந்தின இரவு நியூகாசிலில் தங்கிக்கொள்ளுங்கள்.